அண்ணனின் புது இதயத்துக்கு நரம்பே இல்லையாம். பிறகு மூளை அதனோடு எப்படிப் பேசுகிறது?

கடைக்குட்டி | திங்கள், இரவு 9:12

என் அண்ணனுக்கு இதய மாற்று அறுவை நடந்து ஏழு மாதம் ஆகிறது. நன்றாக இருக்கிறார். சென்ற வாரம் பரிசோதனைக்குத் துணையாகப் போயிருந்தேன். திரையில் நாடி 96 என்று காட்டியது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இது அதிகமில்லையா என்று கேட்டேன். மருத்துவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "நரம்பு கிடையாதே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நரம்பு கிடையாதா? ரத்தக்குழாய்களைத் தைப்பார்கள் என்று தெரியும். நரம்பைத் தைக்கவில்லை என்றால், மூளையிலிருந்து கட்டளை வராமல் அது எப்படி ஏழு மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறது? அண்ணன் அப்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் தூங்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் நள்ளிரவில் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. எல்லோரும் அலறியடித்து எழுந்தோம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நெஞ்சு பாட்டுக்குச் சும்மா இருக்கிறதே" என்றார். பாத்திரத்தை எடுத்து வைத்து, விளக்கை அணைத்து, சிரித்து முடித்துப் படுத்த பிறகு, "இப்போது அடிக்கிறது பார்" என்று என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். உண்மையாகவே அடித்தது. பயம் போன பிறகு படபடப்பு வருகிறது. இது என்ன கணக்கு?

சுற்றுப்பலகை | திங்கள், இரவு 9:40

மருத்துவர் வேறு எதையோ சொல்லியிருப்பார், உங்கள் காதில் தவறாக விழுந்திருக்கும். மூளை கட்டுப்பாட்டு அறை, நரம்பு கம்பி, உறுப்பு மோட்டார். கம்பியை வெட்டினால் மோட்டார் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கம்பி இருக்கிறது என்று பொருள். நுண்ணோக்கியை வைத்து எப்படியோ இணைத்திருப்பார்கள்.

கரும்பலகை | திங்கள், இரவு 10:25

மருத்துவர் சொன்னது சரி. கம்பி, மோட்டார் என்பதுதான் தவறு. முப்பது ஆண்டுகள் உடலியங்கியல் நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் மாணவர்களின் தலையிலிருந்து இந்தப் படத்தை அழிப்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது.

இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. மேற்பெருஞ்சிரை வலது மேலறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு தசைத்துணுக்கு இருக்கிறது. கீத், பிளாக் என்ற இருவர் 1907-இல் அதை விவரித்தார்கள். எஸ்.ஏ. கணு என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அதிலுள்ள செல்கள் தாமாகவே மின்னேற்றம் பெற்று, தாமாகவே வெடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் வைத்தால் அது துடித்துக்கொண்டே இருப்பதை ஆய்வகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். இந்த எண்ணைக் கவனியுங்கள். ஓய்வில் இருக்கும் உங்கள் நாடி 70 என்று வைத்துக்கொண்டால், மீதி 30 எங்கே போயிற்று? மூளையின் அடியில் முகுளம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வேகஸ் நரம்பு இரவும் பகலும் இதயத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அதாவது ஓய்வு நேரத்தில் மூளை இதயத்தை ஓட்டவில்லை, அதன்மேல் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு அந்த பிரேக் அறுந்துவிட்டது. 96 என்பது அந்த இதயத்தின் சொந்த வேகம். அவ்வளவுதான்.

பாத்திரம் விழுந்த கதை அருமை, நான் வகுப்பில் சொன்ன எந்த எடுத்துக்காட்டையும்விட நன்றாக இருக்கிறது. சத்தம் கேட்டதும் உங்களுக்கு இரண்டு வேலைகள் நடந்தன. முகுளம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தது. அது ஓரிரு துடிப்புக்குள் தெரிந்துவிடும். தண்டுவடத்தின் வழியாக வரும் பரிவு நரம்புகள் சில நொடிகளில் விரட்டத் தொடங்கின. அண்ணனுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. ஆனால் அவருடைய அட்ரினல் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புகளை யாரும் தொடவில்லை. அவை அட்ரினலினை ரத்தத்தில் கொட்டின. அது ரத்தத்தோடு சுற்றிவந்து, போதிய அளவு சேர்ந்து, புது இதயத்தை உசுப்ப நேரம் பிடிக்கிறது. உங்களுக்கு வந்தது தந்தி, அவருக்கு வந்தது தபால்.

உங்களுடைய பிரேக்கை நீங்களே விரலால் தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடி மெல்ல மூச்சை இழுங்கள், ஐந்து நொடி மெல்ல விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். இளவயதினருக்கு நன்றாகத் தெரியும், என் வயதில் தேட வேண்டியிருக்கிறது. மூச்சை இழுக்கும்போது வேகஸின் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது.

கடைக்குட்டி | திங்கள், இரவு 10:51

ஐயா, இப்போதுதான் செய்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது மூச்சில் பிடிபட்டது. விடும்போது இரண்டு துடிப்புக்கு நடுவே ஓர் இடைவெளி, அடுத்தது வருமா என்று ஒரு கணம் காத்திருப்பதுபோல. இத்தனை வருடம் இது எனக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறது!

இரவுப்பணி | செவ்வாய், காலை 6:05

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி. பணி முடிந்து இப்போதுதான் வந்தேன், தூங்குவதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன்.

தம்பி, உங்கள் அண்ணன் விஷயத்தில் மூன்று செய்திகளை வீட்டிலுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேகமாக நடக்கவோ படியேறவோ போகிறார் என்றால் முதலில் ஐந்து பத்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளட்டும். இதயம் சூழ்நிலையைப் புரிந்துகொள்ளத் தாமதமாகும். உட்கார்ந்த பிறகும் நாடி உடனே இறங்காது, ரத்தத்திலுள்ள அட்ரினலின் கரைந்தால்தான் இறங்கும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அடுத்தது, இதயத்துடிப்பு மிகவும் குறைந்தால் நாங்கள் வழக்கமாகப் போடும் அட்ரோபின் ஊசி அவருக்குப் பயன்படாது. அது வேகஸின் பிரேக்கை விடுவிக்கும் மருந்து, பிரேக்கே இல்லாத இடத்தில் விடுவிக்க என்ன இருக்கிறது? அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போனால் வாசலிலேயே "மாற்று இதயம்" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நெஞ்சுவலி என்பதும் நரம்பின் வழியே மேலே போகும் செய்திதான். அவருக்கு அந்த வழி இல்லாததால், இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்தாலும் வலிக்காமல் போகலாம். மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, காலில் வீக்கம், மயக்கம் எது வந்தாலும் வலிக்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இதே கதைதான், அங்கே அறுவைக் கத்திக்குப் பதிலாகச் சர்க்கரையே நரம்பை அரித்துவிட்டிருக்கும். அசதியாக இருக்கிறது என்று வந்தவருக்கு மின்வரைபடம் எடுத்தால் மாரடைப்பு தெரியும்.

இன்னொன்றையும் சொல்லலாமா என்று யோசித்தேன். உங்கள் அண்ணனுக்கு வந்த இதயம் மூளைச்சாவு அடைந்த ஒருவருடையதாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் நான் பல இரவுகள் நின்றிருக்கிறேன். மூளை முற்றாக நின்றுபோனது, திரும்பாது என்று உறுதிசெய்த பிறகும் திரையில் இதயத்தின் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உறவினர்கள் அந்தக் கோட்டைக் காட்டி, "உயிர் இருக்கிறதே அம்மா" என்று என்னிடம் கேட்பார்கள். அந்த இதயம் உங்கள் அண்ணனிடம் வருவதற்கு முன்பே மூளையில்லாமல் துடிக்கப் பழகிவிட்டது.

சுற்றுப்பலகை | செவ்வாய், காலை 8:30

சரி, நேற்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. மூளைச்சாவு அடைந்தவருக்கு இதயம் தானாக ஓடும் என்றால் செயற்கைச் சுவாசக் கருவி எதற்கு? நுரையீரலும் தானாக ஓட வேண்டியதுதானே?

கரும்பலகை | செவ்வாய், காலை 9:15

நல்ல கேள்வி. இந்த இடத்தில் உங்கள் மோட்டார் கம்பி செல்லுபடியாகும்.

நுரையீரலுக்குத் தசைபலம் கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். அது கை கால் தசையைப் போன்றது. தானாக ஒருமுறைகூடச் சுருங்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் முகுளத்திலிருந்து உத்தரவு கிளம்பி, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆவது நரம்புகள் சேர்ந்து உருவாகும் உதரவிதான நரம்பின் வழியாக இறங்க வேண்டும். கழுத்தில் அதற்கு மேலே தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்பட்டால் மூச்சு நின்றுவிடும், இதயம் ஓடும். கருவி மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அந்த இதயத்துக்கு உயிர்வளி கிடைக்கும்.

ஆகவே "மூளை உறுப்புகளை இயக்குகிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது, ஒவ்வோர் உறுப்போடும் அதற்கு ஒவ்வொரு விதமான உறவு. மூச்சுக்கு எஜமான். இதயத்துக்குக் கடிவாளம். குடலுக்கு எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும் உறவினர். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் நரம்பை அறுத்து இன்னொருவர் உடலில் வைத்தாலும் அவை தம் வேலையைச் செய்கின்றன.

சொல்வேட்டை | செவ்வாய், காலை 10:02

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அண்ணனிடம் இதைச் சொல்லும்போது 'நரம்பு' என்ற சொல்லில் கவனமாக இருங்கள். நம் பேச்சில் கையில் ஊசி போடும் ரத்தக்குழாயும் நரம்புதான், காலில் சுருண்டு புடைப்பதும் நரம்புதான், இலையில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. இழைபோல் நீண்டு விறைப்பாக இருக்கும் எதையும் அப்படிச் சொல்லியிருக்கிறோம். கிரேக்கத்திலும் 'நியூரான்' என்றால் முதலில் தசைநாணும் வில்லின் நாணும்தான். "உங்கள் இதயத்துக்கு நரம்பு இணைக்கவில்லை" என்றால் ரத்தக்குழாயை விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்.

கடைக்குட்டி | செவ்வாய், காலை 10:20

நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன். நல்லவேளை சொன்னீர்கள்.

சுற்றுப்பலகை | செவ்வாய், பிற்பகல் 1:10

தந்தி, தபால் என்று சொன்னீர்கள். நரம்பில் போவது மின்சாரம்தானே? அப்படியானால் ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

கரும்பலகை | செவ்வாய், மாலை 4:45

உங்களைப் போலவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய தலைகளும் நினைத்தார்கள். அந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று சொன்னவர்களும் உண்டு. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளைக்கால் நரம்பை எடுத்துக்கொண்டார். தசைக்குப் பக்கத்தில் ஒருமுறை, தொலைவில் ஒருமுறை தூண்டினார். தசை சுருங்க ஆன நேரங்களின் வித்தியாசத்தை வைத்துக் கணக்கிட்டால் நொடிக்கு 30 மீட்டர்கூட வரவில்லை.

நம் உடலில் மயலின் உறை போர்த்திய தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். உறையில்லாத மெல்லிய இழைகளில் 1 மீட்டர் அளவுதான், நாம் நடக்கும் வேகம். கால் விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுள்ளென்று ஒன்று வரும். பிறகு ஒரு சிறு அமைதி. "அடடா, வரப்போகிறது" என்று நினைப்பதற்குள் மெல்ல ஒரு கனத்த வலி வந்து சேரும். முதலாவது உறை போட்ட இழையில் வந்தது, இரண்டாவது நடந்து வந்தது. உள்ளுறுப்புகளிலிருந்து வரும் இழைகளில் பெரும்பாலானவை இப்படி நடந்து வருபவைதான்.

மின்சாரத்துக்கு வருவோம். கம்பியில் எலக்ட்ரான் ஓடுவதுபோல இங்கே எதுவும் ஓடுவதில்லை. நரம்பிழையின் சவ்வில் சிறு கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, அந்தச் சலனம் பக்கத்துக் கதவைத் திறக்கிறது. திரியில் நெருப்பு நகர்வதுபோல. திரி எரிந்து தீர்ந்துவிடும், நரம்பு நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் மறுபடியும் தயாராகிவிடும்.

நரம்பு முடிந்து உறுப்பு தொடங்கும் இடத்தில் இன்னும் வேடிக்கை. வேகஸைத் தூண்டினால் இதயம் தளரும் என்பதை வெபர் சகோதரர்கள் 1845-இலேயே காட்டிவிட்டார்கள். எப்படித் தளர்கிறது என்பது விளங்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஓட்டோ லோவி என்ற ஆய்வாளர் ஓர் இரவு கனவில் ஒரு சோதனையைக் கண்டு, தூக்கக் கலக்கத்தில் தாளில் கிறுக்கி வைத்தார். காலையில் தன் கையெழுத்தைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே எண்ணம் திரும்ப வந்தது. இந்த முறை தாளை நம்பாமல் நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். முதலாவதன் வேகஸைத் தூண்டி, அது தளர்ந்ததும், அது ஊறிய உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். தூண்டுதலே படாத அந்த இரண்டாவது இதயமும் தளர்ந்தது. நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிகிறது என்று அதற்குப் பொருள். 1921-இல் வெளியிட்டார். அது அசிட்டைல்கோலின் என்று பிறகு உறுதியாயிற்று. 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இரவுப்பணி அம்மா சொன்ன அட்ரோபின், இந்த அசிட்டைல்கோலின் உட்காரும் நாற்காலியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்து.

ஊசி_வேண்டாம் | செவ்வாய், மாலை 6:33

நான் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஜாதி. அப்படியானால் அந்த பிரேக் எனக்கு மட்டும் பலமாக வேலை செய்கிறதா? வீட்டில் எல்லோரும் நடிக்கிறேன் என்கிறார்கள்.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 7:20

நடிப்பில்லை அம்மா. ஊசியைப் பார்த்ததும் முதலில் எல்லோரையும்போல உங்களுக்கும் படபடக்கும். பிறகு முகுளம் திடீரென்று மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. வேகஸ் பிரேக்கை அழுத்த, நாடி இறங்குகிறது. அதே நேரத்தில் பரிவு நரம்புகள் ரத்தக்குழாய்களின் பிடியை விட, ரத்தம் காலுக்குப் போய்விடுகிறது. மூளைக்கு ரத்தம் குறைகிறது, கண் இருள்கிறது. விழுந்தபின் உடல் கிடைமட்டமாகிவிடுவதால் ரத்தம் மூளைக்குத் திரும்பித் தெளிந்துவிடுகிறீர்கள். அதனால்தான் மயங்கியவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள் என்று கத்துகிறோம். அடுத்த முறை ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி_வேண்டாம் | செவ்வாய், மாலை 7:41

மிக்க நன்றி அக்கா, இதை அப்படியே வீட்டில் படித்துக் காட்டினேன். நம்பவில்லை.

இன்னொரு சந்தேகம், சிரிக்காதீர்கள். காதைத் துடைத்தால் எனக்கு இருமல் வருகிறது.

கத்திமுனை | செவ்வாய், இரவு 10:58

அறுவை மருத்துவன். இந்த இருமல் கேள்விக்காகவே உள்ளே வந்தேன்.

காதுத்துளையின் தோலில் ஒரு சிறு பகுதிக்கு உணர்ச்சி தருவது வேகஸின் ஒரு கிளை. தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் அதே வேகஸ்தான். சிலருக்குக் காதில் தொட்டால் மூளை அதை மூச்சுக்குழாயில் தூசி என்று எடுத்துக்கொள்கிறது. உங்களுக்குக் கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் காதைக் குடைவதை நிறுத்துங்கள்.

மூளைக்கு உடலின் உட்புறம் பற்றித் தெரிந்தது மிகவும் கொஞ்சம். தோலில் கொசு உட்கார்ந்த இடத்தை விரல் நுனி அளவுக்குக் கண்டுபிடிக்கும் அதே மூளை, பித்தப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்கும். லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்த மறுநாள் காலையில் நோயாளிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வயிற்றில்தானே அறுவை, தோளில் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். தோளை யாரும் தொடவில்லை. அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயுவில் மிச்சம் உதரவிதானத்தின் அடியில் தங்கி உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது என்று ஆசிரியர் ஐயா மேலே எழுதியிருக்கிறார். தோளின் தோலுக்கும் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான் நரம்பு. செய்தி ஒரே வாசலில் வந்து சேர்கிறது. மூளைக்குத் தோளைத் தெரியும், உதரவிதானத்தைத் தெரியாது. "தோள்தான்" என்று முடிவுகட்டிவிடுகிறது.

மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இப்படித்தான். குடல்வால் அழற்சி முதலில் தொப்புளைச் சுற்றி வலித்து, பல மணி நேரம் கழித்து வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்வதும் இப்படித்தான். குடல்வால் நகரவில்லை. அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும், துல்லியமாக முகவரி எழுதத் தெரிந்த வேறு நரம்பு செய்தி அனுப்பத் தொடங்குகிறது.

சரி, வயிற்றுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்கு எதற்குக் கழுத்திலிருந்து நரம்பு? கருவில் உதரவிதானம் கழுத்துப் பக்கத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. பிறகு கீழே குடிபெயர்கிறது, வரும்போது தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

இதைவிடக் கிறுக்குத்தனமான வழி குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பினுடையது. வேகஸிலிருந்து பிரியும் கிளை. மூளை மேலே, குரல்வளை கழுத்தில். நேராகப் போனால் ஒரு சாண். ஆனால் இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் நுழைந்து, திரும்பிக் கழுத்துக்கு ஏறுகிறது. கருவில் இதயம் கீழிறங்கியபோது அந்தத் தமனியில் மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இந்த வெட்டிப் பயணம் 4 மீட்டருக்கும் மேல்! இரண்டாம் நூற்றாண்டில் கேலன், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்பை அறுத்துக் காட்டினார். பன்றி தொடர்ந்து திமிறியது, குரல் மட்டும் நின்றுபோயிற்று. குரல் இதயத்திலிருந்து வருகிறது என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. தைராய்டு அறுவையில் இன்றைக்கும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடுவது இந்த நூலைத்தான். காரணம் தெரியாத குரல் கம்மல் வாரக்கணக்கில் நீடித்தால் தொண்டையோடு மார்பையும் படமெடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

அமைதிவழி | புதன், காலை 7:15

எல்லோரும் இதயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். குடல்தான் இரண்டாவது மூளை. உடலின் செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, மகிழ்ச்சி அங்கிருந்துதான் மூளைக்கு ஏறுகிறது. தினமும் குளிர்ந்த நீரில் முகத்தை வைத்து, ஓங்காரம்போல் முனகி வேகஸைத் தூண்டினால் மனச்சோர்வு, செரிமானக் கோளாறு, தூக்கமின்மை எல்லாம் போய்விடும். மருந்தே வேண்டாம்.

கரும்பலகை | புதன், காலை 8:50

பாதி உண்மை, பாதி வியாபாரம். பிரித்துத் தருகிறேன்.

குடல் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் உண்டு. 1899-இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டு, உள்ளே ஒரு கவளத்தை வைத்துப் பார்த்தார்கள். கவளத்துக்குப் பின்னால் குடல் சுருங்கியது, முன்னால் தளர்ந்தது, கவளம் நகர்ந்தது. மூளை தேவைப்படவில்லை. ஆனால் தன் வேலையைத் தானே பார்ப்பது வேறு, சிந்திப்பது வேறு. குடல் கவிதை எழுதாது.

செரோடோனின் கணக்கும் சரிதான். அந்தக் குடல் செரோடோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

குடல் மூளையிடம் பேசவில்லையா என்றால், ஓயாமல் பேசுகிறது. பூனையின் வேகஸில் இழைகளை எண்ணிப் பார்த்ததில் ஐந்தில் நான்கு பங்கு உடலிலிருந்து மூளைக்குப் போகிறவை. கட்டளை கொண்டுபோகும் நரம்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் முறையீடு கொண்டுவரும் நரம்பு. இரைப்பை எவ்வளவு நிரம்பியது, நுரையீரல் எவ்வளவு விரிந்தது என்று நொடிக்கு நொடி மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதில் நம் நினைவுக்கு எட்டுவது மிகக் கொஞ்சம், பசி, குமட்டல், நிறைவு என்று மங்கலாக.

இரவுப்பணி | புதன், காலை 9:30

ஐயா சொன்ன குமட்டலுக்கு ஒரு சான்று எங்களிடம் உண்டு. புற்றுநோய்க்கான சில மருந்துகள் குடலிலுள்ள செல்களிலிருந்து செரோடோனினைக் கொட்டவைக்கும். அது அங்கேயே வேகஸின் நுனியைச் சீண்டும். "நஞ்சு உள்ளே வந்துவிட்டது" என்று செய்தி ஏறும், வாந்தி வரும். நாங்கள் போடும் ஆன்டான்செட்ரான் அந்தச் சீண்டலைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது. குடல் செரோடோனின் மூளைக்கு எடுத்துச் செல்லும் செய்தி மகிழ்ச்சி மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

குளிர்ந்த நீரில் முகம் வைத்தால் நாடி இறங்கும், அது உண்மை. சிலவகை அதிவேகத் துடிப்பை அடக்க மருத்துவர்கள் கண்காணிப்போடு அதைப் பயன்படுத்துவதும் உண்டு. மெல்ல மூச்சு விட்டால் மனம் ஆறும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் "மருந்தே வேண்டாம்" என்று எழுதாதீர்கள். அதைப் படித்து மனச்சோர்வு மருந்தைத் தானாக நிறுத்திவிட்டு வருபவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கத்திமுனை | புதன், காலை 11:12

வேகஸை உண்மையாகத் தூண்டும் கருவி இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு பெட்டி, கழுத்தில் நரம்பைச் சுற்றி ஒரு சுருள். இடப்பக்க நரம்பைத்தான் எடுப்பார்கள், வலப்பக்கம் எஸ்.ஏ. கணுவோடு நெருக்கம் அதிகம் என்பதால். கருவி இயங்கும் சில நொடிகள் பலருக்குக் குரல் கம்மும். காரணம், நான் நேற்று சொன்ன அந்தச் சுற்றுவழி நரம்பு. முனகினால் இதே பலன் கிடைக்கும் என்றால் நாங்கள் எதற்குக் கழுத்தைக் கிழிக்கிறோம்?

நெறியாளர் | புதன், பிற்பகல் 12:00

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும். விவாதம் தொடரட்டும்.

கடைக்குட்டி | வியாழன், இரவு 9:47

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்வேட்டை அவர்கள் எச்சரித்தபடி, ரத்தக்குழாய் எல்லாம் ஒழுங்காகத் தைத்திருக்கிறார்கள் என்பதில் தொடங்கினேன். பயப்படுவார் என்று நினைத்தேன். பாத்திரம் விழுந்த இரவைப் பற்றிச் சொன்னதும், "அப்படியானால் என் மனக்கோளாறு இல்லையா அது?" என்று கேட்டார். இத்தனை நாள் அதை யாரிடமும் சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பயந்தாலும் அழுதாலும் நெஞ்சு உடனே கூட வராமல் இருந்ததால், தனக்கு உணர்ச்சியே மரத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார்.

பிறகு அந்த மூச்சுச் சோதனை. ஒரு கையில் அவர் நாடி, மறுகையில் என் நாடி. என்னுடையது இழுக்கும்போது விரைந்தது, விடும்போது தளர்ந்தது. அவருடையது அசையவில்லை. கடிகாரம்போல ஒரே சீர். பத்து மூச்சு பார்த்தோம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அறுந்த நரம்பு மறுபடியும் முளைக்குமா?

இரவுப்பணி | வெள்ளி, காலை 6:20

சிலருக்கு முளைக்கிறது. ஓராண்டு, பல ஆண்டு கழித்து, பரிவு நரம்பின் இழைகள் ஓரளவு உள்ளே வளர்வது உண்டு. அப்படி வளர்ந்தவர்களுக்கு உடற்பயிற்சியின்போது நாடி கொஞ்சம் சீக்கிரமாக ஏறும், அரிதாக நெஞ்சுவலியும் தெரியும். வேகஸ் திரும்புவது அதைவிடக் குறைவு. எல்லோருக்கும் நடக்காது, நடந்தாலும் முழுதாக நடக்காது. ஆகவே நான் மேலே சொன்ன மூன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாடிச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் செய்து பாருங்கள், செலவில்லாத வேலைதானே. ஏதாவது மாறினால் இங்கே வந்து சொல்லுங்கள் தம்பி.